மூன்றாவது ஆளுக்கு ஒரு ஜன்னல்

என் தங்கச்சி பூங்கொடிக்கு,

உன் அண்ணன் எழுதுகிறேன் கண்ணு. ஆடி வந்தால் நீ போய் ஒரு வருசம். உன் நம்பரை என் போனிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கம் கிடையாது என்று உனக்குத் தெரியும். இன்ன டிசைன், இன்ன கலர் என்று ரிஜிஸ்டரில் எழுதுவதோடு சரி. ஆனால் இதை உன் படத்துக்கு முன்னால் நின்று வாய்க்குள்ளேயே முனகிவிட்டுப் போக மனசில்லை. நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதினால்தான் இதற்கு மதிப்பு.

முதலில் ஊர்ச் சேதி. மாப்பிள்ளை நன்றாக இருக்கிறார். திட்ட நீ இல்லாததால் டீக்கு இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்கிறார். நம் பனியன் கம்பெனி பிரிண்டிங் செக்சனில் இப்போது பாதிப் பேர் பீகார்க்காரர்கள். என்னை ‘அண்ணாஜி’ என்று கூப்பிடுகிறார்கள். ஒரே ஆளுக்கு ரெண்டு மரியாதையா என்று நீ இருந்தால் ஒரு மாசம் கிண்டல் பண்ணியிருப்பாய்.

உன் மகள் தாரணி டிசைன் படிப்பை முடித்துவிட்டாள். சிலேட்டு மாதிரி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பேனாவால் அதில் வரைகிறாள். மும்முரமாக வரையும்போது நாக்கு நுனி உதட்டோரம் வந்து நிற்கிறது. உன்னைப் போலவேதான். அப்போதெல்லாம் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

போன வாரம் அவளை நம் கம்பெனியிலேயே இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். நான் சிபாரிசு பண்ணவில்லை, சத்தியமாக. அவளே விண்ணப்பம் போட்டிருக்கிறாள். முதலாளி படங்களையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

“உங்கம்மா கை அப்படியே வந்திருக்குது கண்ணு,” என்றார். “ஆனா அவிய யாரையும் கேக்காம ஒண்ணு பண்ணி வச்சுட்டாங்க. ஒரு ஆர்டரே கேன்சலாயிருச்சு. நீ எதுனாலும் உங்க மாமனைக் கேட்டுட்டுச் செய்யி.”

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். “செய்யுமுங்க” என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

வெளியே வண்டி எடுக்கும்போது தாரணி கேட்டாள். “மாமா, அம்மா யாரையும் கேக்காமயா செஞ்சாங்க?” நான், “ஹெல்மெட்டைப் போடு சாமி, போலாம்” என்றேன். அவள் கேட்டது இன்றுவரை காதிலேயே நிற்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரியாதல்லவா? அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எங்காவது தப்பினால் திருத்திக்கொள்.

நிலாவில் மனுசன் இறங்கி நாற்பது வருசம் ஆகிறது என்று அந்த வருசம் ஒரு வெளிநாட்டு வியாபாரி, நாம் ‘பையர்’ என்கிறவர், குழந்தைப் பனியனுக்கு ஆர்டர் கொடுத்தார். பனியன் முன்பக்கத்தில் பெரிய நிலா. அதன் மேல் நாலு கால் வைத்த வண்டி ஒன்று, மூட்டை மாதிரி உடுப்புப் போட்ட ரெண்டு பேர், ஒரு கொடி. நான் செக்சன் இன்சார்ஜ். நீ டிசைன் ரூமில் பிலிமில் வரைந்து, அதை வைத்துத் துணியில் அச்சடிக்கிற ஸ்கிரீன் எடுத்துக் கொடுக்கிறவள். உன்னை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான்.

அவர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் நீ கேட்டாய், “மூணாவது ஆளு எங்கீங்ண்ணா?”

எனக்கு மூன்றாவதாக ஒருவர் போனதே தெரியாது. நீதான் சொன்னாய். போனது மூன்று பேர். ரெண்டு பேர் நிலாவில் இறங்க, ஒருத்தர் மட்டும் பெரிய வண்டியில் இருந்துகொண்டு நிலாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். நிலாவுக்குப் பின்பக்கம் போகும்போதெல்லாம் பூமியோடு பேச்சுகூட அறுந்துபோகும். அத்தனை தூரம் போயும் மண்ணை மிதிக்கவில்லை. இறங்கினவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார். பள்ளிக்கூடத்தில் படித்ததை நீ மறக்கவில்லை. நானும் அதே பள்ளிக்கூடம்தான்.

“இருக்கட்டும், பையர் ரெண்டு பேரைத்தான் கேட்டிருக்காங்க” என்றேன்.

“அதெப்படிங்ண்ணா? நோம்பிக்குப் போனா, கோழிப்பண்ணைக்குக் காவலா இருந்த அப்பனுக்கு நாம தூக்குப்போசில கறிச்சோறு கொண்டு வருவமல்ல. காவலுக்கு இருந்தவரை விட்டுட்டு நாம மட்டும் தின்னுட்டு வந்தமா?”

அப்பன் பல்லடம் பக்கம் பண்ணையில் வாட்ச்மேனாக இருந்த காலம் முழுக்க ஊர் நோம்பி, திருவிழா ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. தூக்குப்போசியைத் திறந்து பார்த்துவிட்டு, “நோம்பி நல்லா நடந்துச்சா கண்ணு?” என்று மட்டும் கேட்பார். நீ அதைச் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டேன்.

நீ நிலாவுக்கு மேலே, வலது மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வண்டி வரைந்தாய். அதில் ஒரு ஜன்னல். ஜன்னலில் ஒரு முகம்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பீஸை அடித்ததும், பையர் ஒத்துக்கொண்ட சாம்பிளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சரியாக இருந்தால் இன்சார்ஜ் அந்தத் துணியிலேயே மார்க்கரால் கையெழுத்துப் போடவேண்டும். ஆர்டர் முடிகிறவரை அது டேபிளுக்கு மேலே ஆணியில் தொங்கும். நீ முதல் பீஸைக் கொண்டுவந்தாய். தைக்காத முன்பக்கத் துண்டு. நான் பார்த்தேன். மூலையில் இருந்த வண்டியையும் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஆணியில் மாட்டியதும் நான்தான்.

கண்ணு, நான் பார்த்தேன். இந்தக் கடுதாசியே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

தைத்து முடித்துப் பெட்டி கட்டுகிற சமயத்தில் பையர் ஆள் இன்ஸ்பெக்சனுக்கு வந்தார். ஒரு பீஸை விரித்தார். மூலையைச் சுரண்டிப் பார்த்தார். பிரிண்டிங் கறை என்று நினைத்து, கறைக்கு ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அதற்கு நேராக ஒட்டினார். அடுத்த பீஸிலும் அதே கறை. அதற்கும் அம்புக்குறி. நிலாவைத் தனியாகச் சுற்றி வந்த மனுசனைப் பீஸ் பீஸாக அம்புக்குறி போட்டுக் காட்டிக்கொண்டே போனார். ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளி நம் ரெண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார். ஆபீஸ் கதவுக்கு வெளியே நின்றோம். நீதான் மெதுவாகச் சொன்னாய்.

“ஒருத்தர் வண்டியிலயே இருக்கோணுமுங்ண்ணா. ரெண்டு பேரும் எறங்கிட்டா யாரு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறது? நீங்க இருங்க. நான் எறங்கிக்கறேன்.”

உள்ளே போய், “அண்ணன்கிட்டக் காட்டலீங்க, நானாத்தான் பண்ணுனனுங்க” என்றாய். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உனக்கு அன்றைக்கே வேலை போனது.

இதுவரை உனக்குத் தெரிந்தது. தெரியாததும் ஒன்று உண்டு. முதலாளி கூப்பிட்டனுப்பியதுமே, உன்னைப் பார்ப்பதற்கு முன்னாடியே, நான் ஆணியிலிருந்து அந்தப் பீஸைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துவிட்டேன். நீ என்னைக் காப்பாற்றுவதற்கு முன்னாலேயே நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். நீ இறங்குகிறேன் என்று சொன்னபோது அந்தத் துணி என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது கண்ணு. அதற்கு வேறு பேர் இல்லை.

நீ பல்லடத்தில் லேபிள் அடிக்கிற கடைக்குப் போனாய். ‘எம்’, ‘எல்’, ‘எக்ஸ்எல்’ என்று எழுத்தாகவே அடித்தாய். ஜன்னல் வைக்க அதில் இடமில்லை. நான் அதே டேபிளில் அதே இன்சார்ஜ்.

அந்தப் பனியன்கள்தான் என்னை விடவில்லை. திருப்பூரில் தள்ளுபடியான சரக்கு எங்கே போகும்? செகண்ட்ஸ் கடை, சந்தை, ரோட்டோரக் குவியல் என்று ஊரெல்லாம் போனது. வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு குழந்தை போட்டிருந்தது. கணியூரில் ஒரு சோளக்காட்டுப் பொம்மைக்கு மாட்டியிருந்தார்கள். நீயே ஒன்று வாங்கித் தாரணிக்குப் போட்டு என் வீட்டுக்குக் கூட்டி வந்தாய். “மாமனுக்கு நிலாவைக் காட்டு கண்ணு” என்றாய். அது கிண்டலா, இல்லை நிஜமாகவே உனக்கு என் மேல் கோபமே இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

முதலில் கால் வைத்தவர் இறந்தபோது எல்லா டிவியிலும் சொன்னார்கள். வண்டியில் இருந்தவர் இறந்த சேதியை எனக்குச் சொன்னது நீதான். போன் பண்ணி, “அண்ணா, நம்ம ஆளு போயிட்டாருங்ண்ணா” என்றாய். சொந்தத்தில் யாரோ என்று பதறிவிட்டேன். “மத்தியானம் அவருக்குன்னு ஒரு கை சோறு காக்காய்க்கு வச்சனுங்” என்றாய். அமெரிக்காக்காரருக்குப் பல்லடத்துக் காக்காயா என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நம் நாட்டு வண்டி நிலாவில் இறங்கியபோது கேண்டீன் டிவியில் எல்லோரும் பார்த்தோம். உனக்குப் போன் பண்ணினேன். “இதுல ஆளே போகலீங்ண்ணா, யாரையும் விட்டுட்டு வர வேண்டியதில்லை” என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த நாட்களில் சொல்லியிருக்கலாம். ஒருநாள், “பூங்கொடி, அந்த நிலாப் பனியன்...” என்று ஆரம்பித்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, “ஆரஞ்சு உரிச்சுக் குடுங்ண்ணா” என்றாய். உரித்துக் கொடுத்தேன். நீ பேச்சை மாற்றினாய் என்று இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாற விட்டவன் நான்தானே?

இன்று காலை பீரோவைத் திறந்து அந்தப் பீஸை எடுத்தேன். வேட்டிக்கு அடியில் மடித்து வைத்தது மடிப்புக் கலையாமல் இருந்தது. தாரணியைக் கூப்பிட்டு அவள் மடியில் விரித்தேன். என் கையெழுத்தைக் காட்டினேன். நடந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போன் கேமராவை அந்த மூலைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிசு பண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மாமா, இது அப்புச்சி மீசைங்க,” என்றாள்.

அப்பனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டாள். ஜன்னலுக்குள் இருக்கிறது நம் அப்பன் கண்ணு. ரெண்டு பக்கமும் இறங்கி நிற்கிற அதே மீசை. நீ அவரை நிலாவுக்கே கொண்டுபோய்க் காவலுக்கு வைத்திருக்கிறாய். நான் பார்த்தேன், பார்த்தேன் என்று இத்தனை நேரம் சொன்னேனே, நான் என்னத்தைப் பார்த்தேன்?

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நான் அழுது முடிக்கும்வரை தாரணி பொறுத்திருந்தாள். பிறகு துணியைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தாள்.

“மொதலாளிகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க மாமா. எங்கம்மா கேட்டுட்டுத்தான் செஞ்சாங்கன்னு அவியளுக்குத் தெரிஞ்சாத்தான் நான் அங்க வந்து ஒக்கார முடியும்.”

உன் பிள்ளை. வேறு யாராக இருப்பாள்?

ஒருத்தர் வண்டியில் இருக்கவேண்டும் என்று நீ சொன்னாய். நியாயம்தான். ஆனால் அந்த மனுசன் வண்டியில் இருந்தது, இறங்கினவர்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ள. அவர் ஏற்றிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். நான் உன்னைக் கீழேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் கண்ணு.

நாளைக் காலை செக்சன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் முதலாளி மேஜையில் இந்தப் பீஸை விரிக்கப்போகிறேன். என் கையெழுத்தைத் தொட்டுக் காட்டி, “அன்னிக்குப் பொய்யா நின்னவன் நானுங்க” என்று சொல்லப்போகிறேன். இன்சார்ஜ் வேலை போனால் போகட்டும். டேபிளில் நின்று ஸ்கிரீன் இழுக்க எனக்கு இன்னும் கையில் வலு இருக்கிறது. பிறகு அவரிடம் அனுமதி கேட்டு அதே ஆணியில் இதை மாட்டுவேன். இது என்ன என்று யார் கேட்டாலும், என் தங்கச்சி வரைந்தது, என்னைக் கேட்டுவிட்டுத்தான் வரைந்தாள் என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

வண்டியைத் திருப்பிக்கொண்டு, இத்தனை வருசம் தாமதமாக, உன்னை ஏற்றிக்கொள்ள வருகிற

உன் அண்ணன்