பேருக்கு முன்னால் ஒரு புள்ளி

12 ஜனவரி 2004, சித்தூர்
பேரன் கிரண்குமார் டல்லாஸில் வீடு வாங்கிவிட்டான். சுமித்ராவுக்குப் பெங்களூரில் பிரமோஷன். யஸ்வந்த் இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம், ஒரு அரியர்கூட இல்லை. பேத்தி காவ்யா மட்டும் என்னோடு. தினம் பஸ்ஸில் திருப்பதி போய் வருகிறாள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் வேலை. ஆறு மாசம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்களாம். இன்னும் மூன்று வாரம்.

19 ஜனவரி
காவ்யா சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாண வீட்டார் விவரம் கொடுத்தால், இவள் எழுதிய 'ஸ்டைல்ஷீட்' அதைப் பத்திரிகையாக மாற்றுமாம். நகரிப் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பத்திரிகைகளில் பேருக்கு முன்னால் வெறும் புள்ளி வந்துவிட்டது. '. முனிரத்தினம்'. ஓனருக்குக் கோபம்.

"தெலுங்குக்காரங்க மாதிரி இண்டிபேரு, அதான் குடும்பப் பேரு, இருந்தா அதோட மொத எழுத்தப் போடுன்னு எழுதினேன் ஆயா. பள்ளிக்கூடம் பூரா தெலுங்குல படிச்சதுல, நமக்கு நைனா பேரோட மொத எழுத்துதான்னு எனக்கே மறந்துபோச்சு."

"இல்லாட்டி நைனா எழுத்துன்னு போடேன்."

"இந்த 'இஃப்'புக்கு இல்லாட்டியே கெடையாது."

"அது என்னடி பாஷை?"

சிரித்துவிட்டாள். 'சூஸ்' என்று வேறொன்று இருக்கிறதாம். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகலாம், எதுவும் பொருந்தாவிட்டால் கடைசியில் 'அதர்வைஸ்'.

22 ஜனவரி
சரியாகிவிட்டது. இனி அதில் கை வைக்காதே என்று ஓனர் சொல்லியிருக்கிறார்.

26 ஜனவரி
மாம்பழக்கூழ் கம்பெனிக்குப் போகும் பக்கத்துத் தெரு செங்கம்மா, மகள் வள்ளி கல்யாண விவரத்தோடு வந்தாள். அப்பா பேர் எழுதவில்லை. கைக்குழந்தையில் விட்டுப்போனவன்.

"அந்தாளு எழுத்து வேணாம்மா. வெறும் பேரு போதும்."

காவ்யா விவரத்தாளை வாங்கிப் பார்த்தாள். "அதர்வைஸ்ல நைனான்னு முடிச்சிட்டேன் ஆயா. மறுபடியும் புள்ளிதான் வரும்."

இன்னும் ஒரு வாரம்தானே. "வேற பிரஸ்ல குடுத்துடலாம்டி, நீ அதத் தொடாத."

"அங்க மட்டும் இன்னா போடுவாங்க?"

நான் எதற்கு அப்படிச் சொன்னேன்? பயம்தான்.

2 பிப்ரவரி
பத்திரிகை வந்தது. 'செ. வள்ளி'.

செங்கம்மா விரலால் தடவிப் பார்த்தாள். "இது என் எழுத்தா?" பத்திரிகைக் கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஓனரிடம் காவ்யாவே போய்ச் சொன்னாளாம், நீங்கள் வேண்டாமென்றதைத் தொட்டேன், அப்பா பேர் இல்லாவிட்டால் அம்மா எழுத்து என்று சேர்த்தேன் என்று. அவர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாக உந்தி, உஞ்சு" என்றாராம். நன்றாக இருக்கிறது, இருக்கட்டும்.

14 ஜூன்
ஹைதராபாத்தில் வேலை கிடைத்துப் போயிருக்கும் காவ்யாவுக்குக் கடிதம் எழுதினேன். 'அந்தப் பெரிய ஆபீஸ் வாசலில், கழுத்தில் கார்டு மாட்டிக்கினு ஒரு போட்டோ எடுத்து போஸ்ட் பண்ணு. இங்கே இருப்பது நீ பத்தாவது படிக்கும்போது எடுத்தது. செங்கம்மாவும் கேட்டுக்கினு இருக்குது.'