குடல் முளைக்கும்வரை

2024 ஜூன் 4, செவ்வாய்

இன்று ஏ.எல். உயிரியல் வகுப்பில் விலங்கு என்றால் என்ன என்று தொடங்கினேன். மரம் தன் சாப்பாட்டைத் தானே ஆக்கிக்கொள்ளும். விலங்குக்கு அது முடியாது, வெளியே தேடித் தின்றுதான் சீவிக்க வேண்டும். சொல்லும்போதே தங்கச்சியின் முகம் வந்துவிட்டது. போன மாதம் பிள்ளையை அடக்கம் செய்ததிலிருந்து ஜெசிக்கா வெறும் தேத்தண்ணியில்தான் இருக்கிறாள். பிறந்து கண் திறந்து பார்த்த பிள்ளை.

பள்ளிக்கூடம் விட்டதும் பிட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு பள்ளிமுனையில் அவள் வீட்டுக்குப் போனேன். "ஒரு வாய், ஜெசி. எனக்காக." உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

ஜூன் 6

அவளுக்குப் பால் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் சட்டை நனைந்துவிடுகிறது.

"என்ர உடம்புக்குச் சொல்லுங்கோ அக்கா, பிள்ளை இல்லையெண்டு."

நான் என்ன சொன்னேன்? "நாங்கள் முலையூட்டியள் ஜெசி. அது ஹோர்மோன், தன்ர பாட்டில நிண்டிடும்." ஐயோ, என்ர வாயை அடுப்பில வைக்க! அவள் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து நேரே அங்கே. கையைப் பிடித்து வைத்துக்கொண்டு கஞ்சி பருக்கினேன். அத்தனையையும் சத்தி எடுத்தாள்.

"போங்கோ அக்கா. இனி வராதேங்கோ."

ஜூன் 10

போகவில்லை. இவள் இப்படியே செத்துப்போனால் நான் என்ன செய்வேன்?

ஜூன் 12

ஜெசியின் புருஷன் மில்ரனைப் பார்க்கக் கடலட்டைப் பண்ணைக்குப் போனேன். அவர் எதையோ யோசித்துக்கொண்டு குஞ்சு அட்டை இருந்த வாளியை வெயிலில் விட்டுவிட்டார். தண்ணீர் சூடேறி, அட்டைகள் குடலை வெளியே கக்கிப்போட்டுக் கிடந்தன.

"எல்லாம் போச்சு மச்சாள்." கடலில் கொட்ட வாளியைத் தூக்கினார்.

"எறியாதேங்கோ! சாகேல்ல. குடல் திரும்ப முளைக்கும்."

"அதுவரைக்கும் என்ன தின்னும்?"

"ஒண்டும் தின்னாது. நல்ல தண்ணியில விட்டிட்டுப் பேசாமல் இருக்கவேணும். தொட்டுத் தொட்டுப் பாக்கக்கூடாது."

தூக்கிய வாளியை இறக்கி வைத்துவிட்டு மில்ரன் என்னைப் பார்த்தார். அவருடைய கண் நிறைந்துவிட்டது. மூளையே இல்லாத சீவனுக்கு இவ்வளவு பொறுமை காட்டத் தெரிந்த நான், கூடப்பிறந்தவளின் வாய்க்குள் கரண்டியை வைத்து நெருக்கியிருக்கிறேன்.

ஜூன் 15, சனி

வெறுங்கையோடு போனேன். ஒரு கதையும் இல்லை. பாயில் அவளுக்குப் பின்னால் முதுகோடு முதுகாகப் படுத்துக்கொண்டேன். வராதே என்று சொன்னவள் தள்ளிப் படுக்கவில்லை. சோளகக் காற்றில் மன்னார்த் தெருக்களில் கழுதைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்குமே, அப்படித்தான் கிடந்தோம். சூடும் மூச்சும் மட்டும். படித்த படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை.

ஜூன் 17

இன்றும் அப்படியே. அழுதாள். நானும்.

ஜூன் 22, சனி

அட்டைகள் மணல் தின்னத் தொடங்கிவிட்டன என்று மில்ரன் வாசலில் வைத்துச் சொன்னார். நான் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் என் இடத்தில் படுத்தேன்.

கண் அயரும் நேரம் முதுகுக்குப் பின்னால் சத்தம்.

"அக்கா, பசிக்குது."

வெறுங்கையோடு வந்த மூதேவி நான்! சட்டியிலும் ஒன்றுமில்லை. செருப்பும் போடாமல் சந்தி பேக்கரிக் கடைக்கு ஓடி, றோஸ் பாணும் சம்பலும் வாங்கி வந்தேன். பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். மூக்கால் தண்ணி வடிய வடியத் தின்றாள். நானும் மில்ரனும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்னக்கா இது, இவ்வளவு உறைப்பாய் வாங்கியிருக்கிறியள்?" என்று என்னை ஏசிவிட்டு, அடுத்த பாணுக்குக் கையை நீட்டினாள்.