அலரியில் முளைத்த குருவிச்சை

பெப்ரவரி 11, ஞாயிறு

மாமிக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை. நோன்பு தொடங்குவதற்குள் நின்று தொழ வேண்டுமாம். டொக்டர் தந்த குளிசைகளில் நம்பிக்கை போய்விட்டது, மரக்கொப்பில் ஒட்டி வளரும் குருவிச்சையை அவித்துக் குடிக்கப் போகிறார். மாமரத்தில் முளைத்ததுதான் வேண்டுமாம், வேறு மரத்தது சரிவராதாம். மாமரம் நிற்பது பக்கத்து வளவில், பெர்னடெட் அக்கா வீட்டில். வேலித் தகராறுக்குப் பிறகு நான் அவருடைய முகத்தையே பார்ப்பதில்லை. அங்கே போய் நான் பல்லைக் காட்ட வேண்டுமாம்!

பெப்ரவரி 13, செவ்வாய்

போகவில்லை. தொண்ணூறாம் ஆண்டு போரில் ஊரைவிட்டு வெளியேறியவர்கள் இன்னும் திரும்பாத வளவு ஒன்று ஒழுங்கை மூலையில் கிடக்கிறது. அதன் மதிலோரத்து அலரியில், கைக்கு எட்டும் உயரத்தில், குருவிச்சை. அதே தடித்த இலை, அதே செம்மஞ்சள் குழல் பூ. ஒரு சின்னக் குருவி பழத்தைத் தின்றுவிட்டு, பின்பக்கம் ஒட்டிக்கொண்ட விதையைக் கொப்பில் தேய்த்துத் தேய்த்துக் கழற்றியது. அதற்கு மாமரமும் ஒன்றுதான், அலரியும் ஒன்றுதான். எனக்கும் அப்படித்தான் பட்டது. அலரிக்கொட்டை நஞ்சென்று ஊருக்கே தெரியும். ஆனால் இது அலரி இல்லையே, குருவிச்சைதானே?

“எங்கை முறிச்சனீ பிள்ளை?”

“பெர்னடெட் அக்கா வீட்டு மாமரத்திலை, மாமி.”

மாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. வேலிச் சண்டையை நான் விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

பெப்ரவரி 14, புதன்

காலையும் மாலையும் குடித்தார். சரியான கைப்பாம்.

பெப்ரவரி 15, வியாழன்

விடிந்ததிலிருந்து மாமிக்குச் சத்தி, குடித்த தண்ணீரும் வெளியே வந்துவிடுகிறது. எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். எழும்ப முடியவில்லை. என் கணவர் நிஸாம் ஓட்டோ பிடித்துத் தன் உம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார், நானும் போனேன். நாடித்துடிப்பு மிகக் குறைவாம்.

என்ன சாப்பிட்டவர் என்று டொக்டர் கேட்டார். “மாமரத்துக் குருவிச்சைக் கசாயம்” என்றார் இவர்.

“அதாலை இப்பிடி வராதே. அலரிக்கொட்டை சாப்பிட்டவைக்குத்தான் இப்பிடி வாறது.” பிறகு இவரைத் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டது என் காதிலும் விழுந்தது. “வீட்டிலை ஏதும் பிரச்சினையோ? அம்மா வாழ்க்கை வெறுத்துக் கதைச்சவவோ?”

நான் அங்கேதான் நின்றேன். அலரி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் விளங்கிவிட்டது. வாயே திறக்கவில்லை — ஏனடி றிஸ்னா? பொய் சொல்லேக்கை இருந்த நாக்கு இப்ப எங்கை போனது?

பெப்ரவரி 16, வெள்ளி

மாமிக்குக் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. “ஏனம்மா உப்பிடிச் செய்தனீங்கள்?” என்று நேர்ஸ் ஒருத்தி கேட்டுவிட்டாளாம். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“அஞ்சு நேரமும் தொழுறவள் நான். என்ரை உயிரை நானே எடுப்பனோ? நீயாவது சொல்லு பிள்ளை.”

நீயாவது! “ஓம் மாமி” என்று மட்டும் சொன்னேன். இவர் ஜும்மாவுக்குப் போன இடத்திலும் இரண்டு பேர் விசாரித்தார்களாம். உம்மாவுக்கு என்ன குறை வைத்தேன் என்று இவர் சோறும் தின்னாமல் இருக்கிறார். எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

பெப்ரவரி 17, சனி

சொல்லிவிட்டேன். டொக்டர், அந்த நேர்ஸ், இவர், பக்கத்துக் கட்டில்காரி — எல்லோரும் கேட்கத்தான்.

“அது மாமரத்திலை முறிச்சதில்லை. அலரியிலை முறிச்சனான். மாமிக்குப் பொய் சொன்னனான்.”

டொக்டர் ஏசவில்லை. “உது தான் முளைச்ச மரத்துக்குள்ளை வேரை விட்டுத்தான் தண்ணி எடுக்கும். அலரியின்ரை நஞ்சும் உதுக்குள்ளை வந்திருக்கும். முதல் நாளே சொல்லியிருக்கலாமே, அக்கா.”

மாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவர் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெப்ரவரி 22, வியாழன்

மாமி வீடு வந்துவிட்டார். பெர்னடெட் அக்கா தோடம்பழம் கொண்டு பார்க்க வந்தார். “என்னட்டைக் கேட்டிருந்தால் நானே ஏணி வைச்சு முறிச்சுத் தந்திருப்பனே, றிஸ்னா” என்றார். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வருகிறவர்களிடமெல்லாம் மாமி சொல்வது ஒன்றுதான்: “பிள்ளை மரம் தெரியாமல் முறிச்சுப்போட்டாள்.” பொய்யைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு நாற்பத்தொரு வயது. அலரி தெரியாத பிள்ளையாம்.

ஆனால் மாமி, நான் சமைத்ததைத் தொடுவதில்லை. கடையிலிருந்து இவர் கட்டிவரும் இடியப்பம்தான்.

மார்ச் 8, வெள்ளி

துணிந்து முருங்கையிலை வறை செய்து கொண்டுபோனேன். மாமி கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எந்த மரம்?”

கோபமா பகிடியா என்று தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, அவரைக் கைத்தாங்கலாகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே நிற்கும் முருங்கையில் நான் இன்று கொப்பு முறித்த இடத்தைக் காட்டினேன். முறிவு இன்னும் ஈரமாக இருந்தது. மாமி விரலால் தொட்டுப் பார்த்தார். மரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“சரி, சோத்தைப் போடு” என்றார்.