இமையில் ஏறிய ஊதா

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

படம் வந்தது. நூலகத்தின் புதுக் கட்டடத்துக்கு முன்னால் எல்லாரும் யாரோ அதட்டி நிறுத்தியதைப் போல நிற்கிறீர்கள். அதை விடு. நான் அனுப்பிய ஒப்பனைப் பெட்டியைப் பிரித்துவிட்டாய் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாளில் பவுடர்கூடப் பூசாதவள், இமைக்கு ஊதா தீட்டியிருக்கிறாய்! ஆனால் தொழில்காரி என்ற முறையில் ஒரு குறை: இப்படி அப்பக்கூடாது. மணப்பெண்ணுக்கே நான் இதில் பாதிதான் போடுவேன். மாமா பார்த்துவிட்டு என்ன சொன்னார்?

உன் தங்கை

மார்ச் 15

என் வாயாடிக்கு,

பெட்டியை நான் இன்னும் பிரிக்கவே இல்லை, கோபித்துக்கொள்ளாதே. அந்த ஊதா தானாக வந்தது. கழுவினாலும் போகவில்லை. விரல் முட்டிகளும் சிவந்து தடித்திருக்கின்றன. புத்தகத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ஐம்பத்தாறு வயதில் எல்லாம் வரத்தான் செய்யும். மேல்தட்டுக்குக் கையைத் தூக்க முடியவில்லை, அதனால் உயரமான வாசகர் யார் வந்தாலும் பிடித்து வேலை வாங்குகிறேன். ஒருவர் இப்போதெல்லாம் என்னைக் கண்டாலே குனிந்து நடக்கிறார். எனக்குத் தலைவாரிவிடுவது உன் மாமாதான். வகிடு ஒரு நாளும் நேராக வந்ததில்லை.

அக்கா

மார்ச் 24

அக்கா,

போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். தினமும் முகங்களையே பார்த்துப் பிழைக்கிறவள், நோயைச் சாயம் என்று நினைத்து உனக்குப் பாடம் எடுத்தேனே. சாப்பாடு இறங்கவில்லை.

என் கடைக்கு மேல்மாடியில் ஒரு தோல் மருத்துவர் இருக்கிறார். அவரிடம் உன் படத்தைக் காட்டினேன். "இவங்களால கையத் தூக்க முடியுதா?" என்றுதான் முதலில் கேட்டார். உன் கையைப் பற்றி நான் அதுவரை அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை அக்கா.

"நேர்ல பாக்காம எதையும் சொல்லக் கூடாது. ஆனா இந்த வயசுல தோல் இப்படி மாறி, கையும் தூக்க முடியலன்னா, உள்ள எங்கயாவது புற்று இருக்கான்னு தேடிப் பாத்துடணும். எல்லாருக்கும் இருக்காது. இருந்தா, சீக்கிரம் பிடிச்சுடலாம்" என்றார்.

களிம்பு தடவி நாளைக் கடத்தாதே. இந்தக் கடிதத்தை மாமாவிடம் கொடு.

தங்கை

ஏப்ரல் 2

வாயாடிக்கு,

தேடினால் அகப்பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தேடாமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். உன் மாமா கடிதத்தைப் படித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார். போய்விட்டு வருகிறேன்.

அக்கா

ஜூன் 9

என் தங்கத்துக்கு,

தேடினார்கள், இருந்தது. சினைப்பையில் சின்னதாக ஒரு கட்டி. வயிற்றில் வலி என்று ஒரு நாள்கூட நான் படுத்ததில்லை. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லை என்று நேற்று முடிவு வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இன்னும் சில மாதம் மருந்து ஏற்ற வேண்டுமாம், முடி கொட்டுமாம். வகிடு எடுக்கிற கஷ்டம் உன் மாமாவுக்கு இல்லை. முகத்தில் ஊதாவும் வெளுத்து வருகிறது.

"வயித்துல எந்தத் தொந்தரவும் இல்லையே, யாரு முதல்ல கவனிச்சது?" என்று அறுவை மருத்துவர் கேட்டார். "என் தங்கச்சி. மேக்கப் சரியில்லன்னு திட்டினா" என்றேன். அவர் நம்பவில்லை.

முடிவைக் கையில் வாங்கியதும் உன் மாமா ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, இனி உன்னை நேரில் பார்க்கலாம் என்று தோன்றியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கடையை நாலு நாள் பூட்டிவிட்டுப் புறப்பட்டு வா. உட்கார்ந்து ஆசைதீரச் சண்டை போடுவோம்.

உன் அக்கா