இடது முன்விளக்கு, மூன்றாவது பல்பு

8.11, சனி. காலை 7.20. எரியாத பல்பு: 1.

மூட்டம். இரவுத் தூறலில் வாசல் கரிசல் இளகிக் கிடக்கிறது. கேட்டிலிருந்து கார் வரை நடந்தால் ஒவ்வொரு செருப்பும் அரைக் கிலோ.

காரின் இடது முன்விளக்கு (இனி இ.வி.) அவுட். டிம், பிரைட் இரண்டும். வலது (வ.வி.) நலம். கழற்றிப் பார்த்தேன். பழைய பல்பு, கண்ணாடி உள்ளே கறுத்திருக்கிறது, இரண்டு இழையும் அறுந்திருக்கின்றன. வயதாகிச் செத்தது. அதன்மேல் எனக்குப் புகார் இல்லை.

வெள்ளிக்குள் எரிந்தாக வேண்டும். நாகலாபுரத்தில் அக்காவுக்கு வளைகாப்பு, ஒன்பதாம் மாதம். முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே கூட்டி வருகிறோம். வளையல் காலையிலேயே போட்டுவிடுவார்கள். ஆனால் பந்தி, அழுகை, பாத்திரம் கட்டுவது எல்லாம் முடிய மூன்று ஆகும். மூன்றிலிருந்து நாலரை எமகண்டம், கிளம்பக் கூடாதாம். அப்புறம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்ப ஐந்தரை ஆகும், பாதி வழியில் இருட்டு. அந்த ரோட்டில் பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள். மக்காச்சோளக் காட்டிலிருந்து குறுக்கே பாயும் பன்றிகள். அப்பாவுக்கு மணியாச்சியில் ரயில்வே டூட்டி, லீவு இல்லை. ஓட்டுவது நான்தான்.

மைதீன் பாய் கடையில் பல்பு வாங்கினேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ, ஓசூர் தொழிற்சாலையில் நாலு வருடம் தர ஆய்வு. ஒரு பல்பு மாட்ட மெக்கானிக்கைக் கூப்பிட்டால் நான் படித்ததற்கு அர்த்தம் இல்லை.

மதியம் மழை. நாளை.

9.11, ஞாயிறு. வெயில், புழுக்கம்.

பல்பு டப்பாவை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். காணோம். அம்மா பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் புதிதாக எது நுழைந்தாலும் முதலில் அங்கே போய்த்தான் வரும். போன தடவை கேஸ் டியூப், முருகனுக்கு முன்னால் சுருண்டு கிடந்தது.

செய்தது: பானட் திறப்பு. மூன்று முள் கனெக்டரை உருவினேன். ரப்பர் மூடி. பிடிப்புக் கம்பியை அழுத்தி விலக்கினேன். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே கை நுழையாத மாதிரி வடிவமைத்தவனைப் பார்க்க ஆசை. புறங்கையில் இரண்டு கீறல்.

கண்ணாடியைத் தொடவில்லை. ஹாலஜன் பல்பில் அதுதான் முதல் பாடம். விரல் எண்ணெய் பட்டால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறும், கண்ணாடி புடைக்கும், பல்பு போகும். உலோகத் தட்டை மட்டும் பிடித்து மாட்டினேன்.

எதிர்வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியார் பால் வாங்கப் போகிற வழியில் நின்று விசாரித்தார்.

"என்ன தம்பி, வண்டி கெளம்பலையோ?"

"விளக்கு சார்."

"பெட்ரோல் இருக்கான்னு பாத்தீயளா?"

பானட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

எரிந்தது. இருபத்தைந்து நிமிட வேலை. அம்மா ஜன்னலிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காருக்கு.

10.11, திங்கள்.

சாயங்காலம் கழுகுமலை வரை சோதனை ஓட்டம். போகும்போது இரண்டு கண்ணும். திரும்பும்போது எதிரே வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி, "ஏலே, பைக்குன்னு நெனச்சேம்லா!" என்று கத்திவிட்டுப் போனான். இறங்கிப் பார்த்தால் இ.வி. அவுட்.

பாய் கடை. மறுபேச்சு இல்லாமல், செத்ததைத் திருப்பிக்கூடக் கேட்காமல், வேறொன்று எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணு ரெண்டு அப்பிடி வரத்தான் செய்யும் தம்பி." அப்படி வரக் கூடாது. எங்கள் லைனில் அப்படி ஒன்று வந்தால் மூன்று பேருக்கு மெமோ.

எரியாத பல்பு: 2.

11.11, செவ்வாய். காற்று.

டப்பா மறுபடியும் பூஜை அலமாரியில். எடுத்து மாட்டினேன், பதினெட்டு நிமிடம். மீட்டர் வைத்து எல்லாம் பார்த்துவிட்டேன்:

பேட்டரி, என்ஜின் ஓடும்போது - 14.1 வோல்ட். சரி.
இ.வி. கனெக்டர் - 13.8. சரி.
எர்த் - சரி.
ரப்பர் மூடி - கிழிசல் இல்லை. தண்ணீர் போக வழி இல்லை.

இனி போனால் பல்புதான் திருடன்.

12.11, புதன். மாலை 6.40.

போய்விட்டது. வாசலில் நின்ற வண்டியில், என் கண் முன்னால், பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டி அவிந்தது. எரியாத பல்பு: 3.

நேரே கடைக்குப் போனேன். நாலைந்து பேர் நின்றார்கள். நிற்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன்.

"பாய், டூப்ளிகேட்டுன்னு டப்பாவுல எழுதி வச்சு வித்தா என்ன?"

கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். "என்னலே சொன்ன? ஒங்க அப்பாவுக்கு மொத சைக்கிளுக்கு டயர் குடுத்ததே இந்தக் கடதான். அவிய ஒரு நா இப்பிடிப் பேசுனதுல்ல."

"அவருக்கு அசலும் போலியும் தெரியாது. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சவன் பல்ப எரிய வச்சுக் காட்டு. டிப்ளமா சட்டிபிக்கேட்டச் சொருகுனா எரியுமான்னு பாரு."

நின்றவர்கள் சிரித்தார்கள். நான் செத்த பல்பைக் கவுண்டரில் வைத்து, "கடையில எண்ணெக் கையோட கண்ணாடியத் தொட்டுட்டு எங்க தலயில கட்டுதீங்க" என்றேன். அவர் அதை ஒரு துணியால் எடுத்து என் கையிலேயே திணித்தார்.

"போ. ஒனக்கு இங்கன பல்பு கெடையாது."

வேறு இரண்டு கடைகள் ஏறினேன். ஒருவனிடம் இந்த மாடல் இல்லை. இன்னொருவன் எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்கும் வெள்ளை எல்.இ.டி. தருகிறான். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அத்தான் போன். அம்மா ஏற்கெனவே அக்காவிடம் எல்லாம் ஒப்பித்திருக்கிறாள்.

"என்ன மாப்ள, வண்டிக்கு ஒத்தக்கண்ணாமே?"

"வெள்ளிக்குள்ள சரியாயிரும் அத்தான்."

"சரியாவலன்னா சொல்லிருங்க. ஒத்தக்கண்ணு வண்டியில எம் பொண்டாட்டிய அனுப்ப மாட்டேன். பிரசவத்த இங்கன பக்கத்துல விளாத்திகுளம் ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கிடுதோம். எங்கம்மாவும் அதத்தான் சொல்லுதாவ."

காத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒரு பல்பு சாக்கு.

பத்து நிமிடம் கழித்து அக்கா, தாழ்ந்த குரலில்: "ஏலே, எனக்கு அங்கன வரணும். இங்கன ஒரு ராத்திரி திரும்பிப் படுக்கக்கூட கேட்டுக்கிட்டுப் படுக்க வேண்டியிருக்கு. நீ வா. வெளக்கு எரியலன்னா நானே டார்ச் அடிச்சுக்கிட்டு வாரேன்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

13.11, வியாழன். காலை 8.05. தூறல்.

ஓசூரில் செய்வதைத்தான் செய்தேன். செத்த புதுப் பல்பு இரண்டையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன்.

இரண்டிலும் கண்ணாடியில் ஒரு கொப்புளம். கொப்புளத்தைச் சுற்றிப் பால் வெள்ளை. எண்ணெய் பட்ட அடையாளம். நான் சொன்னது சரிதான் என்று முதலில் ஒரு சந்தோஷம்.

பிறகுதான் உறைத்தது. இரண்டிலும் ஒரே இடம். கடையில் தெரியாமல் கை பட்டால் அங்கொன்று இங்கொன்று படும். இது நுனியில் உள்ள கறுப்புப் பூச்சுக்குச் சரியாகக் கீழே, நடுவில், கடலைப் பருப்பு அளவுக்கு. அளந்து வைத்த மாதிரி.

டப்பாக்களைப் பிரித்தேன். இரண்டாவது டப்பாவின் உள் மடிப்பில் சிவப்பாக ஒரு விரல் தடம். குங்குமம்.

மைதீன் பாய் கடையில் குங்குமம் ஏது.

அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, பல்புல பொட்டு வச்சியா?"

துருவுவதை நிறுத்தவில்லை. "ஆமா."

"ரெண்டுலயுமா?"

"பின்ன? ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம இருப்பாவளா?"

"எனக்குத் தெரியலயே!"

"நீ கத்துவன்னுதான் தொடச்சிட்டு டப்பாவுல வச்சேன். சந்தனத்த நல்லெண்ணெயில கொழச்சு, குங்குமம் வச்சு, சூடம் காட்டி, முந்தானையால சுத்தமாத் தொடச்சேம்ல. ஒரு சொட்டு இருந்துச்சா? சொல்லு."

முந்தானையால். எண்ணெயைக் கண்ணாடி முழுக்கப் பரப்பியிருக்கிறாள். மிச்சத்தை அந்த இடத்திலேயே விட்டிருக்கிறாள்.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பாயிடம் நான் பேசியதைச் சொன்னேன், அத்தான் சொன்னதைச் சொன்னேன், இந்த வீட்டில் ஒரு பொருளைப் பொருளாக விடமாட்டீர்களா என்றேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஏலே, புள்ளத்தாச்சி வார வண்டி. போன தடவ பாதி வழியில கலைஞ்சது ஒனக்குத் தெரியுமா? நீ ஓசூர்ல இருந்த. நான் அவளத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு அந்த ரோட்டுல வந்தேன். இந்தத் தடவ எதயும் விட மாட்டேன். டயர் நாலுக்கும் வச்சேன், ஸ்டியரிங்குக்கு வச்சேன், பல்புக்கும் வச்சேன்."

தெரியாது. எனக்கு யாரும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று சொன்னார்கள், நானும் சரி என்று போனை வைத்துவிட்டேன்.

அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். கோபம் இறங்கவில்லை. யார் மேல் என்பதுதான் மாறியிருக்கிறது. "எண்ணெக் கை" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். எண்ணெய் எங்கள் வீட்டுச் சந்தனக் கிண்ணத்தில்.

காலை 8.50. இனி:

1. ஒன்பதரைக்குப் பாய் கடை. ஷட்டர் ஏறும்போதே அங்கே நிற்பது.
2. நேற்று நின்றவர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேற்றைய அதே சத்தத்தில்: "பாய், பல்பு அசல். தப்பு எங்க வீட்ல." மேற்கொண்டு விளக்கம் கூடாது. திட்டினால் வாங்கிக்கொள்வது.
3. பல்பு இரண்டு கேட்பது. தராவிட்டால் தரும்வரை நிற்பது.
4. ஒன்று அம்மா கையில். சந்தனம், குங்குமம், பூ, சூடம், என்ன வேண்டுமோ. அது அலமாரியை விட்டு இறங்கக் கூடாது.
5. மற்றது கடையிலிருந்து நேரே வண்டிக்கு. வீட்டுக்குள் நுழையவே கூடாது.
6. நாளை கிளம்பும்போது அத்தான் முகத்துக்கு நேரே டிம், பிரைட், டிம். பேச்சு கிடையாது.
7. பின்சீட்டில் தலையணை இரண்டு. நாற்பதுக்கு மேல் போவதில்லை. அம்மா சொன்னதைப் பற்றி அக்காவிடம் கேட்பதில்லை.
8. அக்கா டார்ச்சோடு வந்தால் வாங்கி டிக்கியில் போடுவது.