கூட வர ஒரு ஆள்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

கழுத்து வீங்கியிருக்குன்னு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். வயசுக்கு வந்த காலத்திலிருந்தே எனக்குச் சினைப்பையில நீர்க்கட்டி உண்டுன்னு சொன்னேன். "அது உள்ளவங்களுக்கு, உடம்பே தைராய்டைத் தாக்குற நோயும் கொஞ்சம் கூடுதலா வருது. ரெண்டுக்கும் என்ன தொடர்புன்னு இன்னும் தெளிவாத் தெரியல. நாளைக்கு ரத்தம் பார்க்கலாம்"னாங்க.

"வீட்டுல சண்டை போட ஆளில்ல டாக்டரே, அதான் உடம்பே போடுது"ன்னேன். அவங்க சிரிச்சாங்க. ஊசின்னா எனக்கு மயக்கம் வரும்னு சொன்னதும், கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.

மத்தியானம் நான் வேலை பார்க்குற ஓட்டல் அடுக்களையில, கூட வேலை செய்யுற மேரி கண்ணு எரிய உள்ளி அரிஞ்சிட்டிருந்தா. "மேரி, நாளைக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றியா? ஊசி குத்தும்போது என் கையைப் பிடிச்சுக்கணும்"னேன்.

"அந்த நர்ஸ் பாவம், அவ கையை யாரு பிடிப்பா அக்கா?"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் ரொம்பச் சத்தமாச் சிரிச்சேன்.

இப்ப அவளுக்குப் போன் போட்டேன். வெளையாட்டில்ல, நெசமாவே வாடீன்னு சொல்லத்தான். அவ எடுத்ததும், "இன்னும் தூங்கலையா? உன் குறட்டை கேக்காம கரமனை ஊரே முழிச்சுக் கெடக்கு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.