இரண்டாவது ரோல்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து சாரல். கடைக்குள் ஈர வாடை. பாஸ்போர்ட் போட்டோ ஒன்று, லேமினேஷன் ஒன்று. அவ்வளவுதான் வியாபாரம்.

மதியம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பிரசாந்த் என்று பெயர். புதிதாகக் கலர் ஃபிலிம் போடுகிற கம்பெனி. டிஜிட்டல் இல்லை, பழையபடி ரோல். மலையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு இலவசமாக இரண்டிரண்டு கொடுத்துக்கொண்டு போகிறார்.

"எடுத்துப் பாருங்கண்ணா. லேப் செலவெல்லாம் எங்களுதுங்க. கலர் எப்படி வருதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, போதும். பதினேழாந் தேதி குமுளியில எல்லாரும் கூடறமுங்க. நல்லா வர்ற படத்த ஃபிலிம் டப்பா மேலயே போட்டுருவோமுங்க."

வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் ஜீப் வளைவு தாண்டிய பிறகுதான் உறைத்தது. கலர் எப்படி வருதுன்னு நான் எழுத வேண்டுமாம். நான்!

ஆகஸ்ட் 5

பழைய கேமராவை பீரோவிலிருந்து எடுத்தேன். லென்ஸ் ஓரத்தில் பூஞ்சை. துடைத்தேன். பேட்டரிக்கு வண்டன்மேடு வரை போக வேண்டியிருந்தது.

செல்விக்குக் கோபம். "வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல? ஆசப்பட்டு வாங்கிட்டு வந்து இப்ப முழிக்கிறீங்க."

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே. இது என் மனைவி செல்வியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. வெளிச்சம், முகம், நேரம் பார்த்து எடுப்பது நான். கம்ப்யூட்டரில் கலர் சரிசெய்வது அவள். ஒருமுறை அவள் கம்பத்துக்குப் போயிருந்தபோது நானே ஒரு ஆல்பம் முடித்தேன். மாப்பிள்ளை முகம் பச்சையடித்துப் போயிற்றாம். லேப் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தேன்.

ஃபிலிமில் யார் சரிசெய்வது?

ஆகஸ்ட் 7

மழை விட்ட நேரத்தில் ஏலத்தோட்டம். முதல் ரோல் முழுதும் எடுத்தேன். காய் எடுக்கும் பெண்கள், இலைக்கு நடுவே விழுந்த வெயில், புகை.

பாக்கியத்தக்கா கேமராவின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்த வீடு.

"எங்க, காட்டுங்க பாப்போம்."

"இதுல தெரியாதுக்கா. கழுவித்தான் பாக்கணும்."

"அப்ப என்னத்த எடுத்தீங்கன்னு ஒங்களுக்கே தெரியாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். வீடு வரும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது.

ஆகஸ்ட் 9, சனி

சோறு போட்டுக்கொண்டே செல்வி கேட்டாள்: "ரெண்டாவது ரோல நான் எடுக்கவா?"

என்ன சொல்வது? மாட்டேன் என்று சொல்லக் காரணம் இல்லை. சரி என்று சொல்ல மனசும் இல்லை. சாம்பார் உப்பு என்றேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கேமராவைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டு, கிட்டப் போ, கையை ஆட்டாதே. ஏலச்செடிப் பக்கம் திரும்பி நின்று, ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்து ஒரு படம் எடுத்தாள். ஃபிலிம் வீண் என்றேன்.

"கடைய தொறந்து போட்டுட்டு வந்திருக்கீங்க. போங்க."

போனேன். வாடிக்கையாளர் யாரும் இல்லை. கல்லாப்பெட்டியைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.

ஆகஸ்ட் 11

இரண்டு ரோலும் கூரியரில். அனுப்புநர் இடத்தில் என் பெயர் மட்டும். செல்வி பார்த்தாள்.

ஆகஸ்ட் 14

படங்கள் போனுக்கு வந்துவிட்டன. என் ரோல்: எல்லாம் ஒழுங்கு. எல்லாம் சாதாரணம். செல்வி ரோலில் பாதி கோணல். அந்த வெறும் ஏலச்செடிப் படமும் இருந்தது. சொன்னேனே, வீண்.

சாயங்காலம் பாக்கியத்தக்கா ரீசார்ஜ் பண்ண வந்தாள். போனைக் காட்டினேன். தள்ளிக்கொண்டே வந்தவள் அந்தப் படத்தில் கத்தினாள்.

"ஆத்தி! நான்தான் இது!"

"எங்கக்கா?"

"என்ன தம்பி, நட்டநடுவுல நிக்கேன். செவப்புத் தாளு போத்திக்கிட்டு. எவ்வளவு காடு, அதுக்குள்ள நான் ஒருத்தி, தீயாட்டம்!"

அவள் விரல் வைத்த இடத்தைப் பெரிதாக்கினேன். இலை. நனைந்த இலை. இன்னும் பெரிதாக்கிய பிறகுதான் குனிந்த முதுகு ஒன்று பிடிபட்டது. மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் தாள். எத்தனை தடவை பார்த்தேன் இந்தப் படத்தை. ஒரு ஆள் நிற்கிறாள், என் கண்ணுக்கு இல்லை.

சீக்கிரம் கடையடைத்தேன். டீ குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 15

பஞ்சாயத்து ஆபீசில் கொடி. லட்டு. வந்து எழுத உட்கார்ந்தோம். அவள் சொல்ல, நான் எழுத. "சிவப்பு நல்லா எடுத்துக் குடுக்குது. பச்சைதான் கொஞ்சம் நீலம் தட்டுது. முகம் முகமா இருக்கு." என் கையெழுத்தில் என் கருத்து மாதிரியே இருந்தது. கடைசியில் கையெழுத்துப் போடாமல் மடித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. குமுளி

லாட்ஜ் ஹாலில் படங்களைப் பெரிதாகப் போட்டு மாட்டியிருந்தார்கள். செல்வியும் வந்தாள், பின்வரிசை. கூட்டம் முழுக்க ஒரே படத்தின் முன்னால்.

பிரசாந்த் என் தோளில் கை போட்டார். "இதத்தானுங்க டப்பாவுல போடப் போறோம். அந்தச் செவப்ப எப்படிங்கண்ணா பாத்தீங்க?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தலையாட்டியிருந்தால் போதும்.

"நான் பாக்கல. எனக்கு அந்தச் சிவப்பு தெரியாது. எடுத்தது என் வீட்டுக்காரி. அந்தா இருக்கா."

கட்டப்பனையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சாஜிதான் முதலில் வாயைத் திறந்தான். "அப்போ நீங்க எடுத்த கல்யாணம் எல்லாம்?"

"கலர் எல்லாம் அவதான்."

செல்வியை முன்னால் கூப்பிட்டார்கள். வந்தாள். கை தட்டினார்கள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"என் பேரச் சொன்னா போதாதா? ஒங்க கண்ண எதுக்கு ஊருக்கெல்லாம் சொன்னீங்க? சாஜி சும்மா இருப்பானா?"

ஆகஸ்ட் 20

சாஜி சும்மா இருக்கவில்லை. சக்குபள்ளத்திலிருந்து போன், அடுத்த மாதக் கல்யாண வீடு. "அண்ணே, நெசமாவா? கலர் தெரியாதாமே?" செல்வி போனைப் பிடுங்கினாள்.

"கலர் பாக்குறது நான்தான்ங்க. போன வருசம் ஒங்க அக்கா கல்யாணத்துக்கும் நான்தான். நல்லா இல்லையா?"

அந்த ஆர்டர் தப்பியது. இன்னொன்று போய்விட்டது. அவர்கள் போனே எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 26

வெயில். ஆச்சரியம். செல்வி ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள்.

பத்து மணிக்குக் கோயம்புத்தூர் பார்சல். உள்ளே ஃபிலிம்தான், குலுக்கினால் தெரிகிறது. மேலே அவள் பெயர் மட்டும். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மேசையில் வைத்தேன். அலமாரிக்கு மாற்றினேன். மறுபடி மேசைக்கு. ஒட்டியிருக்கும் டேப்பின் ஒரு முனை லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

பிரிக்கவில்லை. ரேஷன் கடையில் அப்படி என்னதான் கூட்டமோ.